ஆக்ஸிமீட்டரை நம் தோலில் சோதித்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டில் வைத்திருக்க வேண்டிய மருத்துவக் கருவிகள் பற்றித் தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த கட்டுரை பயனுள்ளது. ஆனால் பல்ஸ் ஆக்ஸிமீட்டரைப் பற்றி அதில் சொல்லியிருப்பது ஒரே ஒரு விஷயம்தான்: 95-க்கு மேல் காட்டினால் கவலை இல்லை என்பது. அந்த ஒரு வரியை நம்பி, மூச்சு வாங்கும் முதியவரை வீட்டிலேயே படுக்க வைத்துவிட முடியும் என்பதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறோம். சற்று நீளமாக இருந்தாலும் வெளியிட வேண்டுகிறோம்.

இந்தக் கருவி ஆக்ஸிஜனை நேரடியாக அளப்பதில்லை. விரலின் ஒரு பக்கம் இரண்டு எல்இடி விளக்குகள் இருக்கின்றன. ஒன்று 660 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு ஒளி, மற்றது 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி. எதிர்ப்பக்கம் ஒரு ஒளியுணர்வி. ஆக்ஸிஜனை இழந்த ஹீமோகுளோபின், ஆக்ஸிஜன் ஏற்றிய ஹீமோகுளோபினைவிட 660-இல் ஏறக்குறைய 10 மடங்கு ஒளியை விழுங்கும். 940-இல் நிலைமை தலைகீழ். அங்கே ஆக்ஸிஜன் ஏற்றியதுதான் கூடுதலாக விழுங்கும், அதுவும் இரண்டு மடங்குகூட இல்லை. இந்த வேறுபாடு ஒன்றை வைத்துத்தான் கணக்கு நடக்கிறது.

விரலில் ரத்தம் மட்டுமா இருக்கிறது? தோல், எலும்பு, நகம், சிரை ரத்தம் எல்லாமே ஒளியை மறைக்கின்றன. இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனப் பொறியாளர் தகுவோ அவோயாகி. ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் விரலுக்குள் புதிதாகப் பாய்வது தமனி ரத்தம் மட்டுமே. ஆகவே துடிப்போடு ஏறி இறங்கும் பகுதியைத் தனியே பிரித்தால், அசையாமல் இருக்கும் மற்றவற்றின் தடுப்பு கணக்கிலிருந்து கழன்றுவிடும் என்று 1974-இல் அவர் காட்டினார். அந்த ஏற்ற இறக்கம் மொத்த ஒளியில் பொதுவாக ஒன்றிரண்டு விழுக்காடுதான்.

சிவப்பில் உள்ள ஏற்ற இறக்கத்தை அதன் நிலையான அளவால் வகுத்து, அகச்சிவப்பிலும் அப்படியே செய்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். விகிதம் 0.5 என்றால் செறிவு, அதாவது ஹீமோகுளோபினில் ஆக்ஸிஜன் ஏற்றியிருக்கும் விழுக்காடு, 97, 98 அருகில். விகிதம் 1 என்றால் 85. தோராயமாகச் சொன்னால், 110-இலிருந்து விகிதத்தின் 25 மடங்கைக் கழிக்க வேண்டும். கருவிக்குள் இருக்கும் உண்மையான அட்டவணை, ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு ஆக்ஸிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்து, அவர்களின் தமனி ரத்தத்தை எடுத்துச் சோதித்து, இரண்டையும் ஒப்பிட்டுத் தயாரிக்கப்பட்டது. ஒருவரின் செறிவை 70-க்குக் கீழே இறக்குவது ஆபத்து. அதனால் 70-க்குக் கீழே கருவி காட்டும் எதுவும் ஊகமே.

ஒளியை அளந்து, அதை மறைத்தது எது என்று ஊகிப்பது வானியலாளர்களின் அன்றாட வேலை. நம் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் ஆய்வகத்திலேயே அதற்கு ஒரு சான்று உண்டு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனுக்கு முன்னால் கடந்து சென்றது. அதற்கு முன்பாகவே அந்த விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கியதைக் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கி பதிவு செய்தது. அது ஒரு புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்றே முதலில் கருதி அறிவித்தார்கள். அதே நிகழ்வைப் பறக்கும் ஆய்வகம் ஒன்றிலிருந்து பார்த்த அமெரிக்கக் குழுவின் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் அவை யுரேனஸின் வளையங்கள் என்பது உறுதியாயிற்று. ஒளியுணர்வி சொன்னதில் பிழை ஏதும் இல்லை. ஒளி குறைந்தது என்று மட்டுமே அது சொன்னது, எதனால் குறைந்தது என்பது மனிதர்கள் சேர்த்த விளக்கம். ஆக்ஸிமீட்டரில் அந்த விளக்கத்தைச் சேர்ப்பது தொழிற்சாலையில் எழுதிவைத்த அட்டவணை.

அட்டவணை எங்கெல்லாம் தவறும் என்று பார்ப்போம். மூடிய அறைக்குள் கரி மூட்டித் தூங்கியவர்கள், ஜெனரேட்டர் புகையில் சிக்கியவர்கள் ஆகியோரின் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியிருக்கும். 660 நானோமீட்டரில் பார்த்தால் அந்த வாயு ஒட்டிய ஹீமோகுளோபினுக்கும் ஆக்ஸிஜன் ஏற்றிய ஹீமோகுளோபினுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. உயிர் போய்க்கொண்டிருக்கும்போதும் கருவி 98 காட்டும். இங்கே ஆக்ஸிமீட்டரைப் பார்க்கவே கூடாது. அறையிலிருந்து வெளியே தூக்கி வந்து, 108-ஐ அழைக்க வேண்டும். தொழுநோய்க்குத் தரும் டாப்சோன் போன்ற சில மருந்துகளும் நைட்ரைட் நஞ்சும், ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாத மெத்ஹீமோகுளோபினை உண்டாக்குகின்றன. அது இரண்டு ஒளியையும் ஏறக்குறைய சமமாக விழுங்குவதால் விகிதம் 1-ஐ நோக்கி நகரும். ஆக்ஸிஜன் எவ்வளவு கொடுத்தாலும் எண் 85 அருகிலேயே நின்றுவிட்டால் மருத்துவர் இதைச் சந்தேகிக்க வேண்டும்.

ரத்தசோகை இன்னொரு வகை. இதில் கருவி பொய் சொல்லவில்லை; நாம்தான் அதனிடம் வேறொன்றைக் கேட்கிறோம். இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காடு ஆக்ஸிஜன் ஏற்றியிருக்கிறது என்பதே அதற்குத் தெரியும். ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்பது தெரியாது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லிலிட்டர் ஆக்ஸிஜனைச் சுமக்கும். ஹீமோகுளோபின் 14 உள்ள பெண்ணுக்கும் 7 உள்ள பெண்ணுக்கும் கருவி 98 காட்டலாம். முன்னவரின் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 18 மில்லிலிட்டருக்கு மேல் ஆக்ஸிஜன், பின்னவருக்கு 9 சொச்சம். கர்ப்பிணிகளிடம் ரத்தசோகை இத்தனை பரவலாக இருக்கும் நம் மாநிலத்தில் இதைத் தனியாக அச்சிட்டுச் சொல்ல வேண்டும்.

இவை அரிதாகவோ தனியாகவோ வரும் சூழல்கள். நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது எல்லோருக்கும் பொருந்தும் ஒன்று: தோலின் நிறம்.

அவோயாகியின் கணக்குப்படி தோலின் நிறம் பொருட்டாகவே இருக்கக் கூடாது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் துடிப்பதில்லை. அது மறைக்கும் ஒளி வகுத்தலில் கழன்றுவிட வேண்டும். எல்இடி ஒரே ஒரு அலைநீளத்தில் மட்டும் ஒளிர்ந்தால் அப்படித்தான் நடக்கும். ஆனால் 660 என்று எழுதியிருக்கும் எல்இடி உண்மையில் அதன் இருபுறமும் 10 நானோமீட்டருக்குக் குறையாமல் பரவிய ஒரு பட்டையாகவே ஒளிர்கிறது. மெலனின் குறுகிய அலைநீளத்தைக் கூடுதலாக விழுங்கும். எனவே கருமையான தோலைக் கடந்து வரும் சிவப்புப் பட்டையில் குறுகிய அலைநீள விளிம்பு தேய்ந்து, அதன் மையம் நீண்ட அலைநீளத்தின் பக்கம் சற்று நகர்கிறது. அந்தப் பக்கத்தில் ஆக்ஸிஜன் இழந்த ஹீமோகுளோபினின் விழுங்கும் திறன் குறைவு. சிவப்பின் ஏற்ற இறக்கம் சிறுத்து, விகிதம் குறைந்து, கருவி உண்மையைவிட உயர்ந்த எண்ணைக் காட்டுகிறது. ஆக்ஸிஜன் இழந்த ஹீமோகுளோபின் ரத்தத்தில் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்குப் பிழையும் கூடும். அதாவது நோயாளி மோசமாகும்போதுதான் கருவியும் மோசமாகிறது. இதற்கு மேல், கருமையான தோல் மொத்த ஒளியையும் குறைப்பதால், குளிர்ந்த விரலில் ஏற்கெனவே மெலிந்திருக்கும் துடிப்பு இரைச்சலில் மூழ்கிவிடுகிறது.

விகிதத்தில் எவ்வளவு சிறிய நகர்வு போதும் என்று பாருங்கள். மேலே சொன்ன தோராயக் கணக்கில் செறிவு 88 என்றால் விகிதம் 0.88. அது 0.72 என்று தவறாகப் படிக்கப்பட்டால் கருவி காட்டுவது 92. முதல் எண்ணுக்கு உடனே ஆக்ஸிஜன் வைக்க வேண்டும். இரண்டாவதற்கு, பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிடவும் கூடும்.

இது ஏட்டுக் கணக்கு அல்ல. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-லேயே, குறைந்த செறிவுகளில் கருமையான தோல் உள்ளவர்களுக்குக் கருவிகள் கூட்டிக் காட்டுவதை அளந்து வெளியிட்டார்கள். 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த மிச்சிகன் பல்கலைக்கழகத்தினரின் ஆய்வுதான் உலகை உலுக்கியது. ஆக்ஸிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில், தமனி ரத்தச் சோதனையில் உண்மையான செறிவு 88-க்கும் கீழே இருந்த நிகழ்வுகள் வெள்ளையரிடம் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரிடம் 11.7 விழுக்காடு. அடுத்த பிப்ரவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கை வெளியிட்டது.

அதுவரை அங்கே இருந்த வழிகாட்டுதல் என்ன தெரியுமா? 2013-இல் வகுத்தது: குறைந்தது 10 தன்னார்வலர்கள், 200 அளவீடுகள், அவர்களில் இரண்டு பேராவது, அல்லது 15 விழுக்காட்டினராவது, கருமையான தோல் உடையவர்கள். இரண்டு பேர்! நம் ஊரில் விற்கும் கருவிகளில் பலவற்றின் அட்டவணை இத்தகைய சோதனையின் நிழலில் பிறந்ததுதான். 2025 ஜனவரியில் வெளியான புதிய வரைவு, சோதனைக்கு 150 பேராவது வேண்டும் என்றும், தோல் நிறத்தை 10 படிகளாகப் பிரிக்கும் மங்க் அளவுகோலில் வெளிர், நடு, கருமை ஆகிய எல்லாப் பிரிவினரும் போதிய அளவில் இடம்பெற வேண்டும் என்றும் பரிந்துரைக்கிறது.

வானியலில் இதே சிக்கல் எப்போதோ வந்து, தீர்வும் கண்டாகிவிட்டது. விண்மீன்களுக்கு இடையே தூசு இருக்கிறது என்பதை 1930-இல் வானியலாளர் ராபர்ட் டிரம்ப்ளர் நிறுவினார். அந்தத் தூசு நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடித்து, விண்மீனைச் சிவக்கக் காட்டும். அகன்ற பட்டையுள்ள வடிகட்டி வழியாக அப்படிச் சிவந்த விண்மீனைப் பார்த்தால், வடிகட்டியின் பயனுறு அலைநீளமே, அதாவது அதன் வழியே வரும் ஒளியின் சராசரி அலைநீளமே, நகர்ந்துவிடும். தோலில் மெலனின் செய்வதும் இதுவே. ஆகவே விண்மீன்களின் ஒளியை அளக்கும் எவரும் வெண்ணிற விண்மீன்களை மட்டும் வைத்துக் கருவியைச் சரிபார்ப்பதில்லை. நீலத்திலிருந்து ஆழ்ந்த சிவப்பு வரை பல நிறங்களில், ஒளியளவு ஏற்கெனவே உறுதியாகத் தெரிந்த தர விண்மீன்களை அதே இரவில் அளந்து, நிறத்துக்கு ஏற்ற திருத்தத்தைக் கணக்கிட்டு, அதைச் சேர்த்த பிறகே முடிவை வெளியிடுகிறார்கள். திருத்தம் செய்யாத எண்ணை எந்த ஆய்விதழும் ஏற்காது. பல ஒளியாண்டு தொலைவில் இருக்கும் விண்மீனுக்குக் காட்டும் இந்தக் கவனத்தை நம் வீட்டுப் பாட்டியின் விரலுக்கும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

துல்லியம் பற்றி ஒரு சொல். இந்தக் கருவிக்கான ஐஎஸ்ஓ 80601-2-61 என்ற பன்னாட்டுத் தரநிலை, 70 முதல் 100 வரையிலான செறிவில் பிழை 4 விழுக்காட்டுப் புள்ளிகளுக்குள் இருந்தால் போதும் என்கிறது. எந்த அளவீடும் 4-ஐத் தாண்டாது என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. மூன்றில் இரண்டு பங்கு அளவீடுகள் அந்த வரம்புக்குள் விழும். மீதி வெளியே விழலாம். ஆகவே 93 என்ற எண்ணைத் தனியே பார்த்துப் பயனில்லை. அதே கருவியில், அதே விரலில், நேற்று 97, இன்று காலை 95, இப்போது 93 என்றால் அந்தச் சரிவு உண்மையானது, அட்டவணை எப்படி இருந்தாலும்.

வீட்டில் அளப்பவர்கள் செய்ய வேண்டியதை இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு அளக்க வேண்டும். கை குளிர்ந்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்து, ஈரம் போகத் துடைத்து, தேய்த்துச் சூடாக்க வேண்டும். குளிர்ந்த விரலில் ரத்தநாளங்கள் சுருங்கித் துடிப்பே மெலிந்துவிடும். நெயில் பாலிஷை, குறிப்பாக நீலம், கறுப்பு, பழுப்பு நிறங்களை, அகற்ற வேண்டும். விரல் நுனி முழுக்கக் கறுத்த மருதாணி இட்டிருந்தால் வேறு விரலைத் தேடுங்கள். பத்து விரலிலும் இட்டிருக்கும் மணப்பெண்ணுக்குக் கால் விரல் உதவும். ஆள்காட்டி விரலையோ நடுவிரலையோ நகம் மேலே இருக்கும்படி உள்ளே முட்டும்வரை நுழைக்க வேண்டும். பாதி நுழைத்தால், ஒளியின் ஒரு பகுதி சதைக்குள் போகாமல் ஓரமாக வழுவி உணர்வியை அடைந்து கணக்கைக் கெடுக்கும். கையை மார்பு உயரத்தில் மேசை மீதோ தலையணை மீதோ வையுங்கள். அதே கையில் ரத்த அழுத்தப் பட்டை கட்டியிருக்கக் கூடாது. பட்டை இறுகும்போது துடிப்பு நின்றுபோகும். வெயில் நேரே விழும் இடத்தில் அளந்தால் ஒரு துணியால் கையை மூடுங்கள். இரு விளக்குகளையும் அணைத்து வைக்கும் கண நேரத்தில் அறை வெளிச்சத்தைத் தனியே அளந்து கழித்துக்கொள்ளும் வசதி கருவியில் உண்டு. ஆனால் கடும் வெயில் உணர்வியைத் திணறடித்துவிடும்.

செருகிய உடனே வரும் எண்ணை எழுதாதீர்கள். கருவி சில நொடிகளின் சராசரியைத்தான் காட்டுகிறது. ஒரு நிமிடம் பொறுத்து, எண் நிலைத்த பிறகு எழுதுங்கள். அதோடு நாடித் துடிப்பையும் சரிபாருங்கள். மணிக்கட்டில் 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்கினால் வருவதும் திரையில் உள்ளதும் ஐந்துக்கு மேல் வேறுபட்டால், கருவி துடிப்பையே பிடிக்கவில்லை என்று பொருள். அந்த ஆக்ஸிஜன் எண்ணைத் தூக்கி எறியலாம். நடுக்கம் உள்ளவர்களுக்கு இது அடிக்கடி நேரும்: கை ஆடும்போது சிரை ரத்தமும் சேர்ந்து அலைபாயும், கருவி அதையும் தமனி என்று எண்ணிக் குறைத்துக் காட்டும். பிஐ என்ற எண் திரையில் வந்தால், அது துடிப்பின் வலிமை. 0.5-க்குக் கீழே இருந்தால் விரலை மாற்றுங்கள். விளக்கு மங்கினால் இரண்டு பேட்டரியையும் சேர்த்தே மாற்றுங்கள். தேதி, நேரம், ஓய்விலா நடந்த பிறகா, ஆக்ஸிஜன் வைத்திருந்ததா என்பதையும் எண்ணோடு எழுதிவைத்தால் மருத்துவருக்கு அதுதான் உதவும்.

நுரையீரல் தொற்று உள்ளவரை ஆறு நிமிடம் வீட்டுக்குள் நடக்க வைத்து அளப்பதும் பயன் தரும். ஓய்வில் 96 இருந்து நடந்த பின் மூன்று புள்ளியோ அதற்கு மேலோ குறைந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். ஓய்வில் இருக்கும்போதே மூச்சு வாங்குபவரை நடக்க வைக்கக் கூடாது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (சிஓபிடி) உள்ள சிலருக்கு மருத்துவரே 88 முதல் 92 வரை போதும் என்று வரையறுத்திருப்பார். அவர்களுக்குக் கூடுதல் ஆக்ஸிஜன் தீங்கு. உதகை போன்ற உயரமான ஊர்களில் ஓரிரு புள்ளி குறைவது இயல்பு. உதடு நீலம் பாய்தல், ஒரே மூச்சில் ஒரு வாக்கியம் பேச முடியாமை, குழப்பம், விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்வாங்குதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் எண் 97 என்று சொன்னாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். கருமையான தோலில் உதட்டின் நீலம் எளிதில் தெரியாது. நாக்கையும் உள் உதட்டையும் பாருங்கள்.

மருத்துவமனைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சேர்க்கும்போது ஒருமுறையாவது ஏபிஜி என்ற தமனி ரத்த வாயுச் சோதனை எடுத்து, அந்த நேரத்து ஆக்ஸிமீட்டர் எண்ணோடு ஒப்பிட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதிவைத்தால், அந்த நோயாளிக்குக் கருவி எத்தனை புள்ளி கூட்டிக் காட்டுகிறது என்பது தெரிந்துவிடும். வானியலாளரின் நிறத் திருத்தத்தை ஒரே ஒரு நோயாளிக்குச் செய்வது போலத்தான் இது. தீவிர சிகிச்சைப் பிரிவில் எப்படியும் ஏபிஜி எடுக்கிறார்கள். ஒப்பிட்டு எழுதுவதற்குக் கூடுதல் செலவில்லை. பிறந்த குழந்தைகளின் இதயக் குறைபாட்டைக் கண்டறிய, 24 மணி நேரம் ஆன பிறகு வலது கையிலும் ஒரு காலிலும் அளந்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்கும் முறையில் மூன்று புள்ளி என்பதே எல்லைக்கோடு. அங்கே தோலால் வரும் பிழை ஒரு குழந்தையின் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிடும்.

2021 ஜூலையில் மத்திய மருந்து விலை நிர்ணய ஆணையம் ஆக்ஸிமீட்டர் உள்ளிட்ட ஐந்து கருவிகளின் வணிக லாபத்துக்கு 70 விழுக்காடு வரம்பு விதித்தது. அது நல்ல முடிவு, விலையும் குறைந்தது. அதே அக்கறையோடு அளவீட்டுப் பிழைக்கும் வரம்பு விதிக்க வேண்டும். மருத்துவச் சாதனங்கள் விதிகள் 2017-இன் கீழ் உரிமம் கேட்கும் நிறுவனம், மங்க் அளவுகோலின் கருமைப் பிரிவுகளைச் சேர்ந்த இந்தியத் தன்னார்வலர்களிடம் தமனி ரத்தச் சோதனையோடு ஒப்பிட்ட தரவைத் தர வேண்டும். பிழை எவ்வளவு என்பதை ஒவ்வொரு நிறப் பிரிவுக்கும் தனித்தனியாகப் பெட்டியின் மேலேயே தமிழிலும் அச்சிட வேண்டும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாகக் கொள்முதல் செய்யும் இடம். டெண்டர் நிபந்தனையில் இந்த ஒரு வரியைச் சேர்த்தாலே, அங்கே விற்க விரும்பும் நிறுவனங்கள் சோதனையைச் செய்துதான் ஆக வேண்டும். சோதனை நடத்தத் தேவையான மயக்கவியல் துறைகளும் ஏபிஜி கருவிகளும் நம் அரசு மருத்துவக் கல்லூரிகளில் இருக்கின்றன. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு, ஆரோக்கியமான இளைஞர்களிடம், உடனடி சிகிச்சை வசதி உள்ள அறையில் இதைப் பாதுகாப்பாகச் செய்ய முடியும்.

தங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் ஆக்ஸிமீட்டர் பற்றி அடுத்து எழுதும்போது, அளக்கும் முறையையும் கார்பன் மோனாக்சைடு, ரத்தசோகை எச்சரிக்கைகளையும் ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஒளியியல் ஆசிரியர் ஒருவரும் நுரையீரல் மருத்துவர் ஒருவரும்,
வேலூர்.